எத்துறையும் ஏற்காத தொடுகை

மொன்றியால் நகரத்து மலைச்சரிவில் வெண்கல்லால் எழுப்பிய ஒரு மாளிகையில் மேற்குலக ஓவிய உயர்பீடம் இயங்கி வந்தது. வரைவது அந்தப் பீடத்தின் பணி அன்று. ஐந்து நூற்றாண்டுகளாக மனிதர்கள் வரைந்தவை தத்தமக்கு உரிய அறையைவிட்டு வெளியேறிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி. தரைத்தளத்தில் மறுமலர்ச்சிக் காலம் இருந்தது. படியேறினால் ஒளியையும் இருளையும் வண்ணப்பூச்சு நுட்பத்தால் குழைத்தவர்கள், அதற்கும் மேலே, திறந்த வெளியில் நின்று வெளிச்சத்தைத் துரத்தியவர்கள், அதன்மேல் பொருள்களைக் கனவடிவங்களாக உடைத்தவர்கள், உச்சியில் நவீனர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தலைவர் இருந்தார். ஒவ்வொரு தலைவருக்கும் அடுத்த தளத்தின் மீது கண்ணியமான ஒரு வெறுப்பு இருந்தது. மறுமலர்ச்சித் துறைத் தலைவர் மாடிப்படியில் கால் வைத்ததே இல்லை. தமது காலத்துக்குப் பின்னர் உலகில் எவரும் எதுவும் வரையவில்லை என்பது அவருடைய ஆய்வு முடிவு. ஆய்வு முடிவைச் சரிபார்க்க மாடிக்குப் போவது அவருக்கு இழுக்கு.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருமைராசா தம் மனைவி நிரஞ்சனியுடன் அந்த மாளிகைக்குள் நுழைந்தது கலை தேடி அன்று, சூடு தேடி. பார்க்-எக்ஸ்ரென்ஷனில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வெப்பமூட்டி முந்தின இரவே நின்றுபோயிருந்தது. பங்குத் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பிள்ளைகளை இமெல்டா மாமி வீட்டில் விட்டுவிட்டு, திருத்துபவன் வரும் வரைக்கும் எங்கே போய் நிற்பது என்று யோசித்தபோது, உயர்பீடத்தில் காவலராக வேலை செய்த குணரத்தினம் சொன்னது நினைவுக்கு வந்தது. "மாசத்தில முதல் ஞாயிறு சும்மா விடுறவங்கள், தம்பி. படத்தைப் பாக்காட்டிலும் காலைச் சூடாக்கிக்கொண்டு போகலாம்."

அருமைராசா டோர்வல் விமானநிலையத்தில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்குபவர். அந்த வேலை கிடைக்கும் முன்னர் ஜான்-டலோன் சந்தையில் முட்டைக்கோவாப் பெட்டிகளை ஈரக் கையுறைகளோடு சுமந்தவர். விமானநிலையத்தில் வேலி தாண்டி உள்ளே போக ஓர் அனுமதி அட்டை வேண்டும். அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் வரைதான் அவர் வேலையாள். கழற்றினால் வேலிக்கு வெளியே நிற்கும் இன்னொரு மனிதர். அந்த மாத முடிவில் அட்டை புதுப்பிக்கப்பட இருந்தது. புதுப்பிப்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி, பொலிசில் ஏதேனும் முறைப்பாடு உண்டா என்பது.

தரைத்தளத்தின் முதல் அறையில் மாதா இருந்தார். மரப்பலகையில் வெண்சாந்து பூசி, அதன்மேல் பொன்தகடு ஒட்டி, முட்டை மஞ்சட்கருவில் குழைத்த வண்ணங்களால் எவரோ ஓர் இத்தாலியர் தீட்டியது. மடியில் குழந்தை, தோளிலிருந்து பாதம் வரை நீல அங்கி. அருமைராசாவுக்குப் பொன்தகடும் மஞ்சட்கருவும் தெரியாது. மாதாவை ஒரு மெழுகுதிரிகூட இல்லாமல் நிறுத்தியிருக்கிறார்களே என்பதுதான் முதலில் தோன்றியது. சிலுவை அடையாளம் வரைந்தார். குனிந்து, பாதத்தருகே அங்கியின் ஓரத்தை வலக்கைச் சுட்டுவிரலால் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். நடக்கப் பழகிய நாளிலிருந்து எந்தக் கோயிலிலும் அப்படித்தான் செய்திருந்தார். கை அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

மணி அலறத் தொடங்கியது. குணரத்தினம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, என்ன வேலை பாத்தனீர்!"

"என்னண்ணை? மாதாவைத் தொட்டுக் கும்பிட்டனான்."

"இது கோயில் இல்லையப்பா! இஞ்ச பாக்கத்தான் விடுவாங்கள், தொட விடாங்கள்."

"மாதா எங்க இருந்தாலும் மாதாதானே?"

"அது உமக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மணிக்குத் தெரியாதே!"

"நானும் தொடத்தான் போனனான், இவர் முந்திப்போட்டார்" என்றார் நிரஞ்சனி, உதவியாக இருக்கும் என்று எண்ணி.

நீல அங்கியின் ஓரத்தில் ஒரு பொட்டுப் பளபளத்தது. பனிக்காலத்தில் பெட்டி தூக்குவோரின் விரல்கள் வெடிக்கும். வெடிப்புக்கு அவர் காலையும் மாலையும் வஸ்லீன் தடவுவார். அன்று தாராளமாகவே தடவியிருந்தார்.

ஓவியங்களைப் பழுதுபார்க்கும் கத்தரின் என்ற பெண்மணி உருப்பெருக்கியும் பஞ்சுமாக வந்து பார்த்தார். "பூச்சுக்குக் கேடில்லை. ஒரு நிமிட வேலை, துடைத்துவிடுகிறேன்" என்றார். பஞ்சு பலகையை அணுகியபோது மறுமலர்ச்சித் துறைத் தலைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எதைத் துடைக்கிறோம் என்று தீர்மானிக்காமல் துடைப்பது காட்டுமிராண்டித்தனம். முதலில் இது என்ன? என்னைக் கேட்டால் இது சேதம். பொலிசைக் கூப்பிடுங்கள்."

பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். பொட்டைப் பார்த்தார், அருமைராசாவையும் பார்த்தார். பேனாவைத் திறந்துகொண்டு, பாதிக்கப்பட்ட தரப்பில் யார் கையெழுத்திடுவது என்று கேட்டார். அங்கேதான் சிக்கல் பிறந்தது. உயர்பீடத்தில் எந்தக் கையெழுத்தும் துறைசார்ந்தது. பொட்டு எந்தத் துறையைச் சார்ந்தது என்று தெரியாமல் கையெழுத்திட முடியாது. பணிப்பாளர் ஆழ்ந்து யோசித்தார். வெள்ளிக்கிழமை ஆட்சிமன்றம் கூடி முடிவெடுக்கும் என்றும், அதுவரை ஒவ்வொரு துறையும் பொட்டையும் பொட்டிட்டவரையும் ஆராயலாம் என்றும், பொட்டிட்டவர் வேலை முடிந்ததும் நாள்தோறும் வந்து ஆராயப்படவேண்டும் என்றும் அறிவித்தார். வராவிட்டால் துறை எதுவானாலும் தாமே கையெழுத்திடுவதாகவும் கனிவோடு சொன்னார்.

மறுநாள் டோர்வலில், மேற்பார்வையாளர் யோசெப் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். அவர் மன்னார்க்காரர், பங்குக் கோயிலிலும் தெரிந்தவர்.

"கேஸ் பதிஞ்சுபோட்டாங்களோ?"

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை முடிவாம்."

"பதிஞ்சாப் பாஸ் போகும், ராசா. நான் இஞ்ச கத்தியும் பிரயோசனம் இல்லை. வேலிக்கு அங்கால நிண்டு கை காட்டவேண்டியதுதான். அவங்கள் என்ன சொன்னாலும் ஓம் எண்டுபோட்டு வாரும்."

ஓம் என்று சொல்வதற்கு அருமைராசா ஆயத்தமாகவே இருந்தார். எதற்கு ஓம் சொல்வது என்பதுதான் விளங்கவில்லை.

வண்ணப்பூச்சு நுட்பத் துறைத் தலைவர் பொட்டை அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தார். "ஓரத்தைப் பாருங்கள். கோடே இல்லை. நீலம் எங்கே முடிகிறது, பளபளப்பு எங்கே தொடங்குகிறது? புகைபோல ஒன்றில் ஒன்று கரைகிறது. கண்ணாடி போன்ற மெல்லிய எண்ணெய்ப் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, காய விட்டு, மீண்டும் ஏற்றி, பெரிய ஆசான்கள் ஆண்டுக்கணக்கில் எட்டிய மென்மை இது. இவர் ஒரே விரலால் எட்டியிருக்கிறார். இவர் எவரிடம் பயின்றார்?"

குணரத்தினம் மொழிபெயர்த்தார். "உமக்கு வேலை பழக்கினது ஆர் எண்டு கேக்கிறார்."

"யோசெப் அண்ணை."

தலைவர் அதைப் பயபக்தியுடன் குறித்துக்கொண்டார். அன்று மாலையே பொட்டின் கீழ் 'யோசெப்பின் பட்டறையைச் சேர்ந்தது' என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. மறுமலர்ச்சித் துறைத் தலைவர் அதைக் கிழித்தார். கிழித்தது சேதமா, திருத்தமா என்று ஆராய ஓர் உபகுழு அமைந்தது.

ஒரு குளத்தை ஐந்து கொக்குகள் பங்கு பிரித்து நின்றனவாம். ஒரு நத்தை மெல்ல ஊர்ந்து தண்ணீரில் இறங்கியது. நத்தை யாருடைய பங்கில் இறங்கியது என்று கொக்குகளுக்குள் வழக்கு. தாகத்துக்கு வந்தேன் என்று நத்தை சொன்னது. அது வழக்குக்குத் தொடர்பற்ற செய்தி என்று கொக்குகள் ஐந்தும் ஒருமித்துத் தீர்ப்பளித்தன. அவை ஒருமித்தது அந்த ஒரு விடயத்தில்தான்.

திறந்தவெளி ஓவியத் துறைத் தலைவருக்குப் பொட்டைவிட, அது விழுந்த வேளையே முக்கியமாகப் பட்டது. அருமைராசாவைச் சாளரத்தருகே நிறுத்தி வெளியே காட்டினார். "பனி வெண்மை என்று நினைக்கிறீர்கள். அது நீலம், அதோ, அந்த மரநிழலில் ஊதா. எங்கள் ஓவியர்கள் தூரிகையை அலம்பக்கூட நேரமின்றி, கலக்காத வண்ணங்களைச் சிறு சிறு தீற்றல்களாக இட்டு ஓடும் வெளிச்சத்தைப் பிடித்தார்கள். நீங்களும் ஒரு கணத்தைப் பிடித்திருக்கிறீர்கள். வெளிச்சமே ஓவியன், மனிதன் சாட்சி மட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வேலைக்கு வந்த நாள் முதல் இந்தச் சாளரத்தைத் திறந்ததில்லை. வெளியே வெளிச்சம் மிகவும் ஒழுங்கற்றது. ஆய்வுக்கு உதவாது."

அவருடைய உதவியாளர் புள்ளியோவியங்களுக்குப் பொறுப்பானவர். தூய வண்ணப் புள்ளிகளை அருகருகே வைத்தால் பார்ப்பவர் கண்ணிலேயே அவை கலக்கும் என்று விளக்கி, கைகட்டி நின்று பணிவோடு கேட்டார்: "ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. மற்றவை எப்போது வரும்?"

கனவடிவ ஓவியத் துறைத் தலைவர் அருமைராசாவின் கையை முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என்று மூன்று பக்கமும் ஒருங்கே காட்டச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபோது, அது பழைய முறை என்று மறுத்தார். "ஒரே சமயத்தில் காட்டவேண்டும். உண்மையான கை அப்படித்தான் இருக்கும்."

"இவருக்கு ரெண்டு கைதான், அண்ணை. அதுவும் நாளைக்கு வேலைக்கு வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றார் நிரஞ்சனி.

சிரிக்கக்கூடிய நாள்களாக அவை அமையவில்லை. பொலிஸ் உத்தியோகத்தர் ஒவ்வொரு மாலையும் வந்து கூடத்தில் குந்தியிருந்தார். பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக அவர் எழுப்பிய சத்தம் மாடி வரை கேட்டது. அருமைராசா வேலையிடத்தில் ஒரு பெட்டியைத் தவறான வண்டியில் ஏற்றினார். அதுவரை அவருக்கு அப்படி நேர்ந்ததில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னே கழுத்து அட்டையைக் கழற்றாமல் இருந்தார்.

வியாழக்கிழமை நவீனத் துறையின் முறை. அந்தத் தளத்தில் கதிரைகள் இருந்தன; குணரத்தினம் ஒன்றிலும் உட்காரமாட்டார். எது கதிரை, எது காட்சிப்பொருள் என்று தெரியாமல் ஒருதரம் உட்கார்ந்து எச்சரிக்கை வாங்கியவர் அவர். துறைத் தலைவி முழுக்கக் கறுப்பு உடுத்திய இளம் பெண்; வெறும் வெள்ளைத் திரை ஒன்றின் முன்னால் அவர்களை வரவேற்றார்.

"கீழேயிருப்பவர்கள் உங்களை வருத்தியிருப்பார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பொட்டைப் பார்க்கிறார்கள். நான் செயலைப் பார்க்கிறேன். முதலில் உருவத்தை உதறினோம், பிறகு பொருளை, பிறகு தூரிகையை. வண்ணத்தைத் திரையில் எறிந்தோம், சொட்டவிட்டோம். கையசைவே ஓவியம் என்றோம். ஆனாலும் பழைய படங்களை எட்ட நின்றே வெறுத்தோம். நீங்கள் கிட்டப் போனீர்கள்! அந்தப் பலகை இனி உங்கள் பொட்டுக்கு வாய்த்த திரை மட்டுமே. உங்களைக் கலைஞர் என்று நாளைக்கே அறிவிக்கிறேன். கலைஞர்மீது முறைப்பாடு கிடையாது."

குணரத்தினம் மொழிபெயர்க்கையில் அவர் முகம் மலர்ந்தது. "தப்பிப்போட்டீர் தம்பி!"

"ஒரே ஒரு சொல் மட்டும் வேண்டும்" என்று தலைவி தொடர்ந்தார். "ஆட்சிமன்றம் உங்களைக் கேட்கும், வழிபட்டீர்களா என்று. இல்லை என்று சொல்லவேண்டும். வழிபாடு என்றால் அது செயல் அன்று, பழக்கம். பழக்கத்தால் ஏற்பட்ட கறை சேதம். சேதம் தரைத்தளத்துக்குப் போகும். தரைத்தளத்தில் பேனாவுடன் ஒருவர் இருக்கிறார்."

திரும்பும் வழியில் மெற்றோ வண்டியில் இருவரும் அருகருகே நின்றார்கள். சனத்தின் ஈரக் கம்பளிகள் மணத்தன.

"இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்" என்றார் நிரஞ்சனி. "ஒரு சொல்லுத்தானேயப்பா."

"ஒரு சொல்லுத்தான்."

"மாதாவுக்குத் தெரியாதே? அவா கோவிக்கமாட்டா."

"அவா கோவிக்கமாட்டா எண்டு எனக்கும் தெரியும்."

"பேந்தென்ன?"

"கோவிக்கிற ஆள் எண்டாலும் பரவாயில்லையப்பா. பொய் சொல்லிப்போட்டுப் பயந்துகொண்டாவது இருக்கலாம்."

பார்க் நிலையத்தில் இறங்கும்போது நிரஞ்சனி அவருடைய கையுறைக்குள் தம் விரல்களையும் நுழைத்துக்கொண்டார். வழக்கமாக வீதியில் அப்படிச் செய்யமாட்டார்.

வெள்ளிக்கிழமை ஆட்சிமன்றம் கூடியது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் துறைத் தலைவர்கள் கால வரிசைப்படி அமர்ந்திருந்தார்கள். மறுமலர்ச்சித் துறைத் தலைவருக்காகக் கூட்டமே தரைத்தளத்தில் வைக்கப்பட்டது. நடுவில் ஓவியத் தாங்கியில் மாதா. சுவரோரம் உத்தியோகத்தர், பேனா திறந்தபடி. கத்தரின் பஞ்சோடு கதவருகே நின்றார். அருமைராசாவுக்கு ஒரு கதிரை காட்டினார்கள். அவர் குணரத்தினத்தைப் பார்த்தார். அது கதிரைதான் என்று குணரத்தினம் தலையசைத்ததும் நுனியில் உட்கார்ந்தார்.

துறைகள் தத்தம் வாதங்களைச் சொல்லி முடித்தன. புகைபோன்ற மென்மை என்றது ஒன்று. கணத்தின் ஒளி என்றது இன்னொன்று. புள்ளியோவிய உதவியாளர், மீதிப் புள்ளிகள் வரும் வரை கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டினார். நவீனத் தலைவி எழுந்து, அருமைராசா இந்நூற்றாண்டின் முதற் கலைஞர் என்றார். மறுமலர்ச்சித் துறைத் தலைவர் எழாமலே, குற்றவாளி என்றார். பணிப்பாளர் தொண்டையைச் சரிசெய்தார்.

"திரு. அருமைராசா அவர்களே, யோசித்துப் பதில் சொல்லுங்கள். அன்று இந்த ஓவியத்தைத் தொட்டபோது, நீங்கள் வழிபட்டீர்களா?"

குணரத்தினம் மொழிபெயர்த்தார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கடைசிச் சொல்லைச் சொல்கையில் கண்ணால் 'இல்லை' என்று கெஞ்சினார். நிரஞ்சனி மடியைப் பார்த்தபடி இருந்தார். அருமைராசா எழுந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. அன்று காலை வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். அதை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு விட்டார்.

"ஓம்" என்றார். "கும்பிட்டனான்."

மொழிபெயர்ப்புக்குத் தேவை இருக்கவில்லை. அவருடைய கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, தோள்களைத் தொட்டு முடிந்திருந்தது.

நவீனத் தலைவி பெருமூச்சோடு உட்கார்ந்தார். "பழக்கம்தான். என் துறை விலகிக்கொள்கிறது." நுட்பத் துறை, கும்பிடுவது நுட்பம் அன்று என்று விலகியது. திறந்தவெளித் துறை, கும்பிடுவது அறைக்குள்ளே நடப்பது என்று விலகியது. கனவடிவத் துறை, கும்பிட்டவர் ஒரு பக்கமாகவே நின்று கும்பிட்டார் என்று வருத்தத்தோடு விலகியது. உத்தியோகத்தர் எழுந்து, மீந்திருந்த மறுமலர்ச்சித் துறைத் தலைவர் முன்னே தாளை வைத்தார்.

"வழிபாட்டின்போது ஏற்பட்ட சேதம் என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து இங்கே."

தலைவர் பேனாவை வாங்கினார். நிரஞ்சனி கண்களை மூடிக்கொண்டார். பேனா முனை தாளைத் தொட்ட இடத்தில் பணிப்பாளர் இருமினார்.

"ஒரு சிறு விடயம். நமது பீடத்தை ஆளும் யாப்பின் முதலாம் விதியை நினைவூட்ட விரும்புகிறேன். பார்க்கப்படுவது ஓவியம், கும்பிடப்படுவது சமயப் பொருள். சமயப் பொருளுக்கு உயர்பீடத்தில் இடமில்லை. இந்தப் பலகையைக் கும்பிட்டார்கள் என்று நீங்கள் கையெழுத்திட்டால், திங்கட்கிழமை இதை ஏதாவதொரு தேவாலயத்துக்கு அனுப்பவேண்டி வரும். உங்கள் அறையில் வேறு நல்ல படம் உண்டா?"

பேனா காற்றில் நின்றது. மறுமலர்ச்சித் துறைத் தலைவர் மாதாவைப் பார்த்தார். அவர் அந்தப் பலகையின் மரத்தைப் பற்றியும் சாந்தைப் பற்றியும் மூன்று நூல்கள் எழுதியவர். முகத்தை அன்றுதான் பார்த்தவர்போல் நெடுநேரம் பார்த்தார்.

"என்னுடைய அறையில் எவரும் எதையும் கும்பிட்டதில்லை" என்றார் கடைசியில்.

"அப்படியானால் சேதம்?"

"கும்பிடாமல் அவர் தொட்டிருக்க முடியாது. அதை அவரே சொல்கிறார். கும்பிடவில்லை. ஆகவே தொடவில்லை."

பணிப்பாளரின் முகம் தெளிந்தது. "எத்துறையும் ஏற்காத ஒன்று இந்தப் பீடத்தில் நிகழ்ந்திருக்க இயலாது. நிகழவில்லை என்று ஆட்சிமன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. இனி நிகழ்ந்தாலும் நிகழவில்லை. ஐந்து நூற்றாண்டுக் கலையின் பேரால் எல்லோருக்கும் நன்றி."

உத்தியோகத்தர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

கதவருகே நின்ற கத்தரின் முன்னால் வந்தார். "அப்படியென்றால் இப்போதாவது பொட்டைத் துடைத்துவிடலாமா?"

"எந்தப் பொட்டை?" என்றார் பணிப்பாளர்.

அருமைராசாவின் அட்டை மாத முடிவில் புதுப்பிக்கப்பட்டது. பொலிசில் முறைப்பாடு உண்டா என்று கேட்டபோது, இல்லை என்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது. யோசெப் தோளில் ஒரு தட்டுத் தட்டி, தேவையில்லாமல் உண்மை பேசித் திரியவேண்டாம் என்று புத்தி சொன்னார்.

பங்கில் கதை பரவ நேரம் எடுக்கவில்லை. அடுத்த மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து இமெல்டா மாமி முன்னே நடக்க, தடித்த கம்பளிச் சட்டைகளுடன் ஒரு கூட்டம் மலைச்சரிவு ஏறியது. நீல அங்கியின் முன்னே வரிசை கட்டினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, தொட்டு, ஒற்றிக்கொண்டார்கள். மணி ஒருமுறை அலறியது. குணரத்தினம் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணை, உங்கட வேலைக்குப் பிரச்சினை வராதே?" என்று வரிசையில் நின்ற அருமைராசா கேட்டார்.

"என்ன பிரச்சினை? நடக்காத விசயத்துக்கு நான் ஏனப்பா ஓடித்திரியவேணும்?"

அவ்வேளை பணிப்பாளர், ஒட்டாவாவிலிருந்து வந்திருந்த புரவலர்கள் சிலரோடு அறைக்குள் நுழைந்தார். பீடத்தின் தலைசிறந்த மறுமலர்ச்சி ஓவியத்தைக் காட்ட அவர்களை அழைத்து வந்திருந்தார். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கி, அதன் விரலை அங்கியில் வைத்துக்கொண்டிருந்தாள். புரவலர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதுகுகளே தெரிந்தன. இவர்கள் யார் என்று ஒருவர் கேட்டார். எவர்கள் என்று பணிப்பாளர் புன்னகையோடு திருப்பிக் கேட்டார். பின்னர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அங்கே எவரும் இல்லை என்பது ஆட்சிமன்றத்தின் முடிவு. இல்லாதவர்களை விலகச் சொல்ல யாப்பில் வழி இருக்கவில்லை.

வரிசை மெல்லவே நகர்ந்தது. பணிப்பாளரும் அதனோடு நகர்ந்தார்.